பதில்: குளத்து வடிகட்டி வசூல் - கொட்டேஷனை மாற்றாமல் பணம் அனுப்பாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் குளத்துக்குள் வரும் வாறுகால் (சாக்கடை) தண்ணீரை வடிகட்டப் படுகை கட்டுவதற்குப் பணம் கேட்டுத் துபாய் அண்ணாச்சி போட்ட வசூல் கடிதத்தையும் அதற்கு வடக்குத் தெரு அத்தான் போட்ட பதிலையும் படித்தேன். முன்பு வசூலித்த நுழைவு வளைவுக் கணக்கே இன்னும் வரவில்லை என்று அத்தான் கேட்பது நியாயம், அதை அவர் விடவும் வேண்டாம். என் கவலை வேறு. கொட்டேஷனில் ஜல்லி, ஆற்று மணல், சிமெண்ட் தொட்டி, பெயர்ப்பலகை, அவ்வளவுதான் இருக்கிறது. இப்படிக் கட்டினால் தண்ணீர் தெளிந்து வரும், கிருமி பெரும்பாலும் அப்படியே குளத்துக்குள் போகும்.

சாரல் பிடித்ததும் ஊருக்குப் போன சித்தி பார்த்ததைச் சொல்கிறேன். பஜார் வாறுகால், தொழுவத்துச் சாணித் தண்ணீர், புது லேஅவுட் செப்டிக் டேங்க் கசிவு எல்லாம் சேர்ந்து கிழக்கு மடைப் பக்கம் இறங்குகிறது, கொஞ்சம் தள்ளிப் பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள். குளிக்கிற தண்ணீரில் 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நம் குளத்தில் எவ்வளவு என்று யாராவது சோதித்தார்களா? வசூலில் முதல் செலவு அதற்குத்தான்.

மணல் ஏன் போதாது என்று தென்காசித் தம்பி கேட்டிருந்தான். மலக் கிருமிகளில் ஒன்றான ஈ.கோலை நீளவாக்கில் ஏறக்குறைய 2 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு), சொரசொரப்பான ஆற்று மணலின் இடைவெளியில் தாராளமாக நுழைந்து போய்விடும். ஒட்டிக்கொண்டால்தான் நிற்கும். ஆனால் மணலுக்கும் அதற்கும் ஒரே எதிர் மின்னேற்றம், ஒன்றை ஒன்று தள்ளும். மணல்மேல் இரும்பு ஆக்சைடு, அதாவது துருப்பூச்சு ஏற்றினால் சாதாரணத் தண்ணீரில் அதற்கு நேர் மின்னேற்றம் வரும், கிருமியை இழுத்துப் பிடிக்கும். கெடுதல் என்னவென்றால், இலைச்சருகும் சாணியும் ஊறிய பழுப்புத் தண்ணீர் அந்தப் பிடிமானத்தையெல்லாம் முதலிலேயே அடைத்துக்கொள்ளும், நம் வாறுகாலில் வருவதே அந்தத் தண்ணீர்தான்.

நான் இருக்கிற மெல்போர்னில் மழைநீரை வடிகட்டும் மண்படுகைகள் தெருவோரங்களில் நிறைய உண்டு. இங்கே மோனாஷ் பல்கலைக்கழகத்தில் செம்பு ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தையும் கலந்து பார்த்தார்கள், செம்பு கிருமியைக் கொல்லும். நம் குளத்துக்கு அது வேண்டாம். கொஞ்சம் கரைந்து வந்தாலும் மீனுக்கு ஆகாது.

நமக்கு ஏற்றது கரி. காற்றை அடைத்து நல்ல சூட்டில் எரித்த சிரட்டைக் கரியை மணலோடு கலக்க வேண்டும், அடுப்பில் மிஞ்சியதை அள்ளிப் போடக் கூடாது. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீர் விட்டுவிட்டு ஓடும்போது வெறும் மணல் பிடித்த கிருமியைத் திரும்ப விட்டுவிட்டது, கரி கலந்த மணல் அதைவிட நன்றாகப் பிடித்து வைத்தது. புளியரைக் கணவாய் வழியாக வருகிற நம் சாரல் விட்டுவிட்டுத்தானே பெய்யும்! கரியின் நுண்தூளைச் சலித்து எடுத்தபோது பிடிப்பு குறைந்ததையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆகவே கான்ட்ராக்டர் கரியைக் கழுவிச் சுத்தம் பண்ணிப் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கோடை முழுக்கச் சேர்ந்த குப்பை முதல் மழையிலேயே படுகையை அடைத்துவிடும். மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கவும், சில வருடங்களில் கரியை மாற்றவும் ஒரு நிதி தனியாக இருக்கட்டும். இவ்வளவும் குளிக்கிற தண்ணீருக்குத்தான், குடிக்க அப்போதும் ஆகாது.

மேலத்தெரு பெரியப்பாவுக்கு: செங்கோட்டை 1956இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த காலத்தில் நீங்கள் இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், அந்தப் பெருமையை யாரும் குறைக்கவில்லை. தாழம்பூ வாசத்தோடு தண்ணீர் எடுத்த கதையை ஆச்சி சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அப்போது புது லேஅவுட் கிடையாது பெரியப்பா.

பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள். படித்துறைக்குக் கல் போட அப்பா கடன் வாங்கிக் கொடுத்தார், கல்வெட்டில் யார் பெயர் வந்தது என்பது பெரிய வீட்டாருக்குத் தெரியும். அம்மா இன்றும் அந்தப் படித்துறைப் பக்கம் போவதில்லை.

அண்ணாச்சி, கரி, வண்டல் தொட்டி, தண்ணீர்ப் பரிசோதனை, பராமரிப்பு நான்கையும் சேர்த்துக் கொட்டேஷனைத் திரும்ப வாங்கிக் குழுவில் போடுங்கள். அத்தான் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளட்டும், அவரைவிடக் கறாரான ஆள் நமக்குக் கிடைக்காது. புதுக் கொட்டேஷன் வந்த அன்றே என் பங்கை அனுப்புகிறேன்.