வெடிக்குப் பயந்து ஓடும் நாய்க்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி வாங்குவதா?

கல்லடி_டீச்சர்:
எங்கட ரொமி ஊர் நாய், நல்ல குணம். வெடிச் சத்தம் கேட்டால் மட்டும் மதில் பாய்ஞ்சு ஓடிடும். தீபாவளி, கோயில் திருவிழா, பக்கத்து மண்டபத்தில கலியாணம், எதுவெண்டாலும் அண்டைக்கு இரவு ரோச் லைற்றோட ஒழுங்கை ஒழுங்கையாத் தேடுறதுதான் எங்கட வேலை. போன முறை இங்க மட்டக்களப்பு நாவலடிக் கடற்கரையில நிண்டதை என்ட வகுப்புப் பிள்ளை ஒண்டு கண்டு வந்து சொல்லித்தான் தெரிஞ்சது. கனடாவில இருக்கிற தம்பி, "ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி ஒண்டு அனுப்புறன் அக்கா, எங்க நிக்குது, எவ்வளவு நடந்தது, எப்பிடி நித்திரை கொண்டது எல்லாம் போனில பார்க்கலாம்" எண்டு சொல்றான். மாசக் கட்டணம் நான் கட்டவேணும். வாங்கட்டா, வேண்டாமா? நாய் வளர்க்கிற ஆக்கள் சொல்லுங்க.

கொக்கட்டிச்சோலை_பட்டிக்காரன்:
வேண்டாம் டீச்சர். அது ஓடின பிறகு எங்க ஓடினதெண்டு காட்டுமே தவிர ஓடாமல் மறிக்காது. கல்லடி மெயின் றோட்டில பஸ் அடிக்க எவ்வளவு நேரம்? நீங்க போனைத் திறந்து வரைபடம் வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். மதிலுக்கு மேல கம்பி வலை அடியுங்க. வெடி கொளுத்துற நாளில பின்னேரமே உள்ளறையில விட்டு, யன்னலைச் சாத்தி, ரீவியைச் சத்தமாப் போட்டு, யாராவது கிட்ட இருங்க.

எனக்கும் நாய்கள் இருக்கு. மாட்டுப்பட்டிக்குக் காவல் நிக்கிற நாய்கள். இரவில யானை வந்தால் முதல்ல குரைச்சு எங்களை எழுப்புறது அதுகள்தான். நாய் அருமை தெரியாமல் சொல்லல்ல. மாசாமாசம் கம்பெனிக்குக் கட்டுற காசை மிச்சம் பிடிச்சால், உங்கட ஒழுங்கையில குட்டி போட்டுத் திரியிற நாய்களுக்குக் கருத்தடை செய்விக்கலாம்.

வாவிக்கரை_பொடியன்:
அண்ணன், மதில் வேலை சரி. செய்யத்தான் வேணும். ஆனா மதிலும் ஒரு நாள் பிழைக்கும், படலையை யாராவது திறந்து விடுவாங்க. அதுக்குப் பிறகு என்ன செய்யிற? பயந்த நாய் கூப்பிட்டாலும் வராது. சொந்தக்காரர்ர குரல் கேட்டும் பற்றைக்குள்ள அசையாமல் கிடக்கும். ரோச் அடிச்சுத் தேடுறவர் அதுக்குப் பக்கத்தாலேயே நடந்து போவார்.

நான் போன் திருத்துற கடையில வேலை செய்யிறன். இது எப்பிடி வேலை செய்யுது எண்டு சொல்லிடுறன் டீச்சர். பட்டியில இருக்கிற கருவி செய்மதிகளின்ட சிக்னலை வச்சுத் தன்ட இடத்தைக் கணிக்கும். திறந்த வெளியில சில மீற்றர்தான் பிழைக்கும், கூரைக்குக் கீழ இன்னும் கூடுதலாப் பிழைக்கும். கணிச்ச இடம் உங்கட போனுக்கு வரவேணுமெண்டால், உள்ளுக்க இருக்கிற சிம் கைபேசிக் கோபுரத்தைப் பிடிக்கவேணும். மாசக் கட்டணம் அதுக்குத்தான். கல்லடியில கோபுரத்துக்குக் குறைவில்ல.

கொக்கட்டிச்சோலை_பட்டிக்காரன்:
தம்பி, கல்லடியில இருக்கு. பாலம் தாண்டிப் படுவான்கரைக்கு வாங்க, வயலுக்க நிண்டு போன் கதைக்க வரம்பில ஏறி நிக்கிற ஆக்கள் நாங்க. சரி, டீச்சர்ர நாய் இந்தக் கரைக்கு வராது எண்டே வைப்பம். கார்த்திகை, மார்கழியில வெள்ளம் வந்தால்? கரண்ட் நிண்டு கோபுரமும் நிண்டால் பட்டி என்ன செய்யும்? 2024 நவம்பரில வெள்ளம் வந்தபோது போனுக்குச் சார்ஜ் ஏத்த ஆக்கள் பட்ட பாடு மறந்துபோச்சா? நாய்ப்பட்டிக்கு யார் சார்ஜ் ஏத்துற?

வாவிக்கரை_பொடியன்:
வெள்ளத்துக்கு அது உதவாது. அதில உங்களோட சண்டையில்ல. டீச்சர் கேட்டது வெடிச் சத்தத்துக்கு. எந்த நாளில வெடி கொளுத்துவாங்க எண்டு முன்கூட்டியே தெரியும், முதல் நாளே சார்ஜ் ஏத்தலாம்.

சாய்ந்தமருது_பூனைவீடு:
டீச்சர், நான் ஒண்டு செல்லட்டா? காசு குறைவெண்டு பூனைக்கு ஏர்டேக் மாட்டினவங்க எங்கட குடும்பத்தில இரிக்காங்க. அது ஜிபிஎஸ் இல்ல. கிட்டக் கிட்ட ஐபோன் வச்சிரிக்கிற ஆக்கள் போனாத்தான் அந்தப் போன் மூலமா இடம் தெரியும். எங்கட தெருவில பத்துப் பேரில எத்தின பேர்ட கையில ஐபோன்? பூனை பக்கத்து வளவுக் கூரையில நாள் முழுக்கப் படுத்துக் கிடந்திச்சு, போனில காலையில பார்த்த இடமேதான் நிண்டிச்சு. சாவி, பை மாதிரிச் சாமானுக்கு எண்டு ஆப்பிள் செஞ்சது அது. உள்ளுக்க வட்டப் பற்றரி வேற இரிக்கு, நாய் கடிச்சு விழுங்கினா தொண்டையும் குடலும் வெந்துபோகும். அதை வாங்கிடாதீங்க.

பூனைக்கு எந்தப் பட்டி போட்டாலும், இழுபட்டாக் கழண்டு விழுற கொக்கி உள்ளதாப் பார்க்கணும். கிளையில மாட்டித் தொங்கினா உசிர் போயிடும்.

மிருக_வைத்தியர்_அம்பாறை:
வணக்கம். இடம் காட்டும் வேலையை ஒரு பக்கம் வையுங்கள். நடை, நித்திரை என்று உங்கள் தம்பி சொன்ன பகுதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. பட்டியில் இருப்பது அசைவை உணரும் சிறு கருவி. நாய் வழமையை விடக் குறைவாக நடக்கிறது என்று அது காட்டலாம். ஏன் என்று சொல்லாது. உண்ணிக் காய்ச்சலா, காலில் முள்ளா, வெயிலா? அதை அறிய ஈறு வெளிறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், வெப்பமானி வைக்கவேண்டும், இரத்தம் சோதிக்கவேண்டும். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். மயிருக்கு மேல் கிடக்கும் பட்டி அதை அளந்துவிடும் என்று நம்பவேண்டாம்.

மூச்சை நீங்களே எண்ணலாம். நன்றாக நித்திரை கொள்ளும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30க்கு மேல் போனால் கொண்டுவந்து காட்டுங்கள். இதயநோய் உள்ள நாய்களின் வீட்டாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்.

இன்னொன்று. நம்முடைய வெக்கைக்கு இருபத்துநாலு மணிநேரமும் இறுகிய பட்டி ஆகாது. அடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும், உண்ணி போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும், தினமும் கழற்றித் துடையுங்கள்.

கொக்கட்டிச்சோலை_பட்டிக்காரன்:
டொக்டரும் அதைத்தானே சொல்றார்! கையால தடவி உண்ணி பார்க்கிற மனுசனை விட்டுட்டு, போனைப் பார்த்து "நல்லா நித்திரை கொண்டிருக்கு" எண்டு சந்தோசப்படுற காலம் வந்திடும். அதுதான் எனக்குப் பயம்.

மிருக_வைத்தியர்_அம்பாறை:
நான் வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் பார்க்க வாங்கவேண்டாம் என்கிறேன். ஓடிப்போகும் நாய்க்கு இடம் காட்டும் கருவி பயன்படலாம். அதற்கு முன்னால் போன் நம்பர் பொறித்த தகடு ஒன்று மாட்டுங்கள். நாவலடியில் அந்தப் பிள்ளைக்கு நாய் யாருடையது என்று தெரிந்திருந்தது. தெரியாத ஒருவர் கண்டிருந்தால்? முடிந்தால் மைக்ரோசிப்பும் போடலாம். அரிசி அளவில் தோலுக்கடியில் இருக்கும், பற்றரி கிடையாது, 15 இலக்க எண் ஒன்றை மட்டும் தரும். வாசிக்கும் கருவி உள்ள இடத்தில்தான் அது உதவும், வரைபடத்தில் காட்டாது. விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஓடுகிற நாய் தெருநாய்களோடு கடிபடும். அந்த நோய் வெளித்தெரிந்தால் பிறகு காப்பாற்ற வழியில்லை.

கல்லடி_டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. தடுப்பூசி ஒழுங்காப் போடுறம். தகடு நாளைக்கே செய்யக் குடுக்கிறன், இவ்வளவு நாளும் மாட்டாதது எங்கட கவனயீனம்தான். வலைக்கு மேசனைக் கூப்பிட்டிருக்கு. ஆனா பட்டிக்கார அண்ணா, உங்கட பேச்சில ஒண்டை மட்டும் என்னால ஏற்க ஏலாது. அது கடற்கரையிலயா, வாவிப் பக்கமா, மெயின் றோட்டுக்கு அங்கால போயிட்டுதா எண்டு தெரியாமல் இரவு முழுக்க அலையிறது எவ்வளவு கொடுமை தெரியுமா? எந்தப் பக்கம் போகவேணும் எண்டு மட்டும் தெரிஞ்சால் போதும் எனக்கு. வாங்கத்தான் போறன். தம்பியிட்ட என்ன கேக்கவேணும்?

வாவிக்கரை_பொடியன்:
சிம் உள்ளுக்கேயே பூட்டின வகையெண்டால், அந்தக் கம்பெனி இலங்கையில சேவை தருதா, இங்க எந்த வலையமைப்பில ஓடும் எண்டு எழுத்தில கேக்கச் சொல்லுங்க. கனடாவில ஓடினதெல்லாம் இங்க ஓடாது. நம்மட சிம் போடுற வகையெண்டால், பெட்டியில இருக்கிற ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியா இருக்கிற அடையாள எண்) 1909க்குக் குறுஞ்செய்தியில அனுப்பிப் பாருங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவானதா எண்டு பதில் வரும். மறுகா தண்ணி விசயம். "30 நிமிடம், 1 மீற்றர் ஆழம்" எண்டு பெட்டியில போட்டிருந்தால் அது நல்ல தண்ணியில சோதிச்சது. வாவியிலயோ கடலிலயோ இறங்கினால் உடனே நல்ல தண்ணியில கழுவி, துடைச்சுப்போட்டுச் சார்ஜ் ஏத்துங்க.

வாங்க முதல் ரொமி வழமையா ஓடுற பக்கமெல்லாம் அதே வலையமைப்புச் சிம் போட்ட பழைய போனோட ஒருக்கா நடந்து பாருங்க. நாவலடி முனை வரைக்கும்.

கொக்கட்டிச்சோலை_பட்டிக்காரன்:
நான் இன்னும் வேண்டாம் எண்டுதான் சொல்றன் டீச்சர். வாங்கினாலும் வலை அடிச்சு முடியுமட்டும் பட்டியை நம்பி வெளியில விடாதீங்க. வலையை உள்பக்கமாச் சரிச்சு அடிக்கச் சொல்லுங்க மேசனிட்ட, நேரா நிண்டால் ஏறிப் பாய்ஞ்சிடும்.