துருவ ஆய்வுப் பணிக்குச் செல்ல விரும்பும் கடலோர மாணவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: தங்கச்சிமடம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தொண்டியில் கடலியல் முதுநிலை இறுதியாண்டு படித்து வருகிறேன். பாக் விரிகுடாவின் கரையோர நீரில் வாழும் டயட்டம்கள் என்னும் ஒற்றைச் செல் நுண்பாசிகள் பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகின்றன என்பதே என் ஆய்வேட்டின் பொருள். 2019ஆம் ஆண்டு எங்கள் பகுதிக் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியபோது நான் பள்ளி மாணவி. ஊரார் பூங்கோரை என்று சொன்ன அந்த நுண்ணுயிர்ப் பெருக்கம்தான் என்னை இந்தத் துறைக்கு அழைத்து வந்தது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலிலும் ஆர்க்டிக்கிலும் உணவுச் சங்கிலியின் அடித்தளத்தில் பெரும்பங்கு இதே டயட்டம்களுக்கு உண்டு என்று படித்ததிலிருந்து, துருவ ஆய்வில்தான் சேர வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது.

ஆனால் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் ஆளில்லை. எந்தத் தேர்வை எழுத வேண்டும், யாரை அணுக வேண்டும், வெப்பக் கடலில் செய்த என் சிறிய ஆய்வை அங்கே மதிப்பார்களா என்பவற்றை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மேலும் ஒன்று. என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, பாம்பனில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து வருகிறார். துருவ நிலையங்களில் அவரைப் போன்றோருக்கும் வேலை உண்டா?

மறுமொழி 1: மண்டபம் கடலியலாளர்

தங்கைக்கு வணக்கம். இந்தியாவில் துருவ ஆய்வு அனைத்தையும் ஒருங்கிணைப்பது கோவாவின் வாஸ்கோடகாமா நகரில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம். 1998இல் தொடங்கப்பட்ட இம்மையம் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் மைத்ரி, 2012இல் தொடங்கிய பாரதி, ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் உள்ள ஹிமாத்ரி, இமயமலையின் ஸ்பிதி பகுதியில் 2016இல் அமைந்த ஹிமான்ஷ் ஆகிய நான்கு நிலையங்களும் அதன் பொறுப்பில் உள்ளன.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அண்டார்க்டிகாவுக்குப் போக வேண்டும் என்று தனி மாணவர் ஒருவர் விண்ணப்பித்து இடம்பெறும் முறை இங்கு இல்லை. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் முன்வைக்கும் ஆய்வுத் திட்டங்களை மையம் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கிறது. அத்திட்டத்தை நடத்தும் அறிவியலாளரின் குழுவில் இருப்பவர்களே பயணத்துக்குச் செல்கிறார்கள். எனவே நீங்கள் தேட வேண்டியது பயணத்தை அல்ல, உங்கள் கேள்வியை ஒத்த கேள்வியோடு துருவக் கடலில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு வழிகாட்டியை. அவருடைய கட்டுரைகளைப் படித்து, எந்த இடத்தில் உங்கள் அனுபவம் பொருந்துகிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். "துருவத்தில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது.

உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை உயிர் அறிவியல் பாடத்திலோ புவி, வளிமண்டல, கடல் அறிவியல் பாடத்திலோ எழுதலாம். இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்தத் தகுதி கையில் இருந்தால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் கூடுகிறது. நெட் தேர்வை நான் வலியுறுத்துவதற்கு அதுதான் முதன்மையான காரணம்.

வெப்பக் கடல் ஆய்வை மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் மதிப்பார்கள், ஆனால் அதை நீங்கள் சரியாக எடுத்துச் சொல்ல வேண்டும். தென்பெருங்கடலின் பெரும்பகுதியில் நைட்ரேட் தாராளமாக இருந்தும் டயட்டம்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெருகுவதில்லை. அங்கே இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதே அதற்கு முக்கியக் காரணமாக அறியப்பட்டுள்ளது. ஆழம் குறைந்த, கலங்கிய, வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்து சேரும் பாக் விரிகுடாவிலோ கட்டுப்படுத்தும் காரணிகள் வேறு. ஆயினும் வளர்ச்சியை எது தடுக்கிறது என்ற கேள்வி இரண்டு கடலுக்கும் பொது. நீரை வடிகட்டிப் பச்சையத்தை அளப்பது, உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் ஆழவாரியாகப் பதிவுசெய்வது, நுண்ணோக்கியில் இனங்களைப் பிரித்தறிவது ஆகியவை எல்லாக் கடலிலும் ஒரே வேலைதான். டயட்டம் ஓட்டின் நுண்வரிகளைப் பார்த்து இனத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று அரிதாகி வருகிறார்கள். அந்தத் திறமையை விட்டுவிடாதீர்கள்.

உயிரியல் மட்டுமே துருவ அறிவியல் அன்று என்பதையும் இதைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 2014இல் ஸ்வால்பார்டின் காங்ஸ்பியார்டன் என்னும் குறுகிய கடல்நுழைவில் இறக்கப்பட்ட இண்டார்க் என்னும் கடலடி அளவீட்டு அமைப்பை உருவாக்கியதில் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் மைத்ரியில் அளவீடுகள் நடத்துகிறது. அதன் ஆய்வகம் ஒன்று நம் அருகிலேயே, திருநெல்வேலியில் இருக்கிறது. இயற்பியல் படித்தவர்கள் அதையும் கவனிக்கலாம்.

மறுமொழி 2: உச்சிப்புளி தொழில்நுட்பர்

தங்கச்சியின் அண்ணன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அண்டார்க்டிகாவில் ஓராண்டுக்கு மேல் தங்கும் குளிர்காலக் குழு ஒன்றில் மின்னாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவன் நான். நிலையத்தின் விளக்கு, வெப்பம், ஆய்வுக் கருவி எல்லாமே டீசல் மின்னாக்கிகளை நம்பி இருக்கின்றன. அவை நின்றால் ஆய்வும் நின்றுவிடும். ஆகவே மெக்கானிக், மின்பணியாளர், வெல்டர், சமையலர், மருத்துவர் ஆகியோரை ஒப்பந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழோடு பணி அனுபவச் சான்றும் கட்டாயம் கேட்பார்கள். விசைப்படகு எஞ்சினைக் கடலுக்கு நடுவே, உதிரி பாகம் கிடைக்காத நிலையில் ஓடவைத்துக் கரை சேர்த்தவருக்கு அங்கே தேவைப்படும் மனத்துணிவு ஏற்கெனவே உண்டு. ஆனால் அனுபவத்தை எழுத்தில் காட்ட வேண்டும். பட்டறை உரிமையாளரிடம் ஆண்டுவாரியாகச் சான்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் கெட்டியாகிவிடும் என்பதால் வேறு வகை எரிபொருளைப் பயன்படுத்துவோம். பனியில் ஓடும் சங்கிலித்தட வண்டிகளின் ஹைட்ராலிக் அமைப்பையும் தெரிந்திருந்தால் நல்லது. தேர்வானவர்களுக்குக் கடுமையான மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்டின் ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு.

ஒரு வேண்டுகோள். அறிவிப்பு அரசு மையத்தின் இணையதளத்தில்தான் வரும். வெளிநாட்டு வேலை என்று முகவர்களிடம் பணம் கொடுத்து இழந்த குடும்பங்கள் நம் கடற்கரையில் எத்தனையோ. அண்டார்க்டிகா வேலைக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

மறுமொழி 3: இராமநாதபுரம் பேராசிரியை

முதல் மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மாணவி அறிய வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. திட்ட அறிவியலாளர் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்தக் காலத்துக்கு உட்பட்டவை. ஆகையால் துருவத்தில் மட்டும் பயன்படும் பயிற்சியை அல்லாமல், எங்கும் பயன்படும் தரவுப் பகுப்பாய்வையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியான கடற்பனிப் பதிவுகள் 1978இன் இறுதியிலிருந்து தொடர்ச்சியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கடலுக்குள் மூழ்கி எழுந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவுகளும் அப்படியே. பைத்தான் நிரல்மொழியைக் கற்று, வீட்டில் இருந்தபடியே தென்பெருங்கடலைப் பற்றி ஒரு சிறு ஆய்வை முடித்துவிடலாம். வழிகாட்டிக்கு அனுப்பும் கடிதத்தோடு அதை இணைத்தால் மதிப்பு வேறு.

பெண் என்பதால் வீட்டில் தயக்கம் எழுந்தால், 1983இல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்க்டிகப் பயணத்திலேயே கடலியலாளர் அதிதி பந்த், புவியியலாளர் சுதீப்தா சென்குப்தா ஆகிய இருவர் சென்றதைச் சொல்லுங்கள். இஸ்ரோவின் மங்களா மணி ஐம்பது வயதைக் கடந்த பிறகு பாரதி நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கிப் பணியாற்றினார்.

கேட்டவர்: தங்கச்சிமடம் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. அண்ணன் சான்றிதழ் கேட்க நாளையே பட்டறைக்குப் போகிறார். ஓர் ஐயம் மட்டும். நான் மீனவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயது முதல் வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பழகியவள் என்பதை விண்ணப்பத்தில் குறிப்பிடலாமா, அல்லது அது படிப்புக்குச் சம்பந்தமற்றதாகத் தோன்றுமா?

மறுமொழி 4: மண்டபம் கடலியலாளர்

கட்டாயம் குறிப்பிடுங்கள், அதையும் களப்பணி அனுபவம் என்ற தலைப்பின் கீழேயே. தென்பெருங்கடலில் நாற்பது பாகைத் தென் அட்சரேகைக்குத் தெற்கே காற்றும் அலையும் ஓய்வதில்லை. கப்பல் ஏறிய முதல் வாரத்திலேயே மாதிரி எடுக்க முடியாமல் படுத்துவிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆடும் தளத்தில் நின்று வலையை இழுக்கவும், நீரோட்டத்தின் போக்கைப் பார்த்துக் கருவியை இறக்கவும் தெரிந்தவர் குழுவில் இருப்பது தலைமை அறிவியலாளருக்குப் பெரிய ஆறுதல். எந்த மாதங்களில், எந்த வகைப் படகில், என்ன மாதிரிகளை எடுத்தீர்கள் என்று விவரமாக எழுதி, உங்கள் ஆய்வேட்டின் சுருக்கத்தோடு எனக்கு இந்தத் தளத்தின் தனிச்செய்தியில் அனுப்புங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன்.