நெல்லைச் சீமையில் பள்ளிக்கூடம் எப்போது எல்லோருக்கும் பொதுவானது?

பொருநைக்கரையான்:
"வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே நம் சீமையில் எல்லோருக்கும் கல்வி கிடைத்தது" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை மறுக்கவே இந்தத் திரியைத் தொடங்குகிறேன். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராகப் பள்ளி வைத்ததையும், இந்த மண்ணை ஒருமுறைகூடப் பார்த்திராத இங்கிலாந்துக்காரர் சாரா டக்கர் அம்மையாரின் பெயரால் எழுந்த பெண்கள் கல்விக்கூடம் 1895இல் கல்லூரியாக வளர்ந்ததையும் கழித்துவிட்டால், நம் கல்வி வரலாற்றில் மிஞ்சுவது கொஞ்சமே. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறார்களே, அது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தால் வந்த பெயர் அன்று.

கல்லிடையான்:
அண்ணாச்சி, திண்ணையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டு வாங்கி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக 1826இல் குறிப்பு எழுதினார். நம் பக்கத்தில் அண்ணாவி என்று அழைக்கப்பட்ட வாத்தியாரிடம் பிள்ளை முதலில் பரப்பிய மணலில் விரலால் எழுதும்; கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். வாய்பாட்டு நூலான எண்சுவடியை, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லுவார்கள். சென்னையில் மணலெழுத்தைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார்?

பொருநைக்கரையான்:
அதே மன்றோ கணக்கை முழுதாகச் சொல்லியிருக்கலாம். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, அந்த வருமானத்துக்குத் தகுதியானவர் எப்படி வருவார் என்று அவரே குறைப்பட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் பகுதி. வீட்டுக்காரர் ஏறவிடாதவர் அங்கே எப்படி எழுத்துப் படிப்பார்?

வள்ளியூர் பணிநிறைவு ஆசிரியர்:
இருவரும் பள்ளியைத் தொடங்கியவர் யார் என்று தேடுகிறீர்கள். பிள்ளைகள் அங்கே எப்படி உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கிறேன். மிஷன் பள்ளிகளுக்கும் 1854 கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் வந்தது. அது நம் பாட்டன்மார் கட்டிய தீர்வைப் பணம்தான். ஆனால் பொதுப்பணம் புகுந்த இடமெல்லாம் பொதுவிடமாகிவிடவில்லை. காங்கிரஸ் நிதியும் ஊரார் நன்கொடையும் பெற்று வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டதையும், அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளம்பியதில் 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலே இரண்டுபட்டதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இதே சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, ஆடு மேய்த்த சிறுவனிடம் "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று காமராஜர் கேட்க, "போனால் சோறு யார் போடுவார்?" என்று அவன் திருப்பிக் கேட்டதாக எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியிருந்தாலும், ராஜாஜி 1953இல் கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தை 1954இல் கைவிட்ட காமராஜர், 1956இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி அன்றைக்குத்தான் பிறந்தது என்பேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1961இல் நான் படித்த ஓராசிரியர் பள்ளியில், சிலருடைய அலுமினியத் தட்டு வரும்போது மட்டும் பரிமாறுகிறவர் அகப்பையை ஒரு முழம் உயர்த்திப் பிடித்து ஊற்றுவார். குழம்பு சட்டையில் தெறிக்கும். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனாலும் அந்தத் தட்டுகள் எங்கள் வரிசையிலேயே இருந்தன. எழுந்து போகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

கல்லிடையான்:
அகப்பை உயர்ந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் உங்கள் அளவுகோலுக்கு 1956உம் தேறவில்லையே, ஐயா. மேலும் மதிய உணவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்றார்கள். காமராஜர் படித்த விருதுநகர்ப் பள்ளி வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியில் வளர்ந்தது. 1910 வரை அந்த ஊரும் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. உலையில் போடுவதற்கு முன் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டார்கள். அரசு அதைப் பார்த்துப் பின்னால் வந்தது.

வள்ளியூர் பணிநிறைவு ஆசிரியர்:
பிடியரிசியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது கடைவீதியும், வணிகர்கள் பொதுக்காரியத்துக்குத் தரும் மகமையும் உள்ள ஊருக்குச் சரி. பனையேறிப் பிழைத்த செம்மணல் தேரிக்காட்டில் கலயத்தில் போடுவதற்கு அரிசி ஏது? முந்நூறு பேர் வாழும் ஊருக்கும் பள்ளி என்பதை அரசாங்கத்தால்தான் சொல்ல முடிந்தது.

பொருநைக்கரையான்:
தேரிக்காட்டை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. இடையன்குடி தேரிக்காட்டு ஊர்தான். மிஷனரி கால்டுவெல் 1841இல் அங்கே போய்க் குடியேறினார். அவர் மனைவி எலிசா பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக் கொடுத்தார். எந்த அரசாங்கம் சொல்லி இது நடந்தது?

வள்ளியூர் பணிநிறைவு ஆசிரியர்:
அந்தப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்பதைத் தேடி எழுதுங்கள். சாப்பிட்டார்கள் என்றால், 1956ஐ நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.