பொருள்: ‘பாப்பிங் ராட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

ச.இ. (சென்னை) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அந்தமானில் தூண்டில் சுற்றுலாப் படகுகளில் வேலைக்குச் சேரும் தமிழ் இளைஞர்களுக்காக 12 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படகில் இருந்து 100 முதல் 200 கிராம் எடையுள்ள பாப்பர், ஸ்டிக்பெய்ட் ஆகிய போலி இரைகளை வீசிப் பெரும்பாரை மீன் பிடிப்பதற்கான ராடை (தூண்டில் கோலை) எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் முதல் இயல். ‘பாப்பிங் ராட்’, ‘ஆக்‌ஷன்’, ‘பவர்’, ‘பி.இ. எண்’, ‘டிராக்’, இந்த ஐந்துக்கும் சொல் வேண்டும். முதலாவது அந்த ராடேதான். மற்றவை முறையே ராட் வளையும் இடம், அதன் வலு, பின்னல்நூலுக்கு இடும் எண், ரீலிலிருந்து நூல் ஓடாமல் தடுக்கும் இறுக்கம். ‘தூண்டில்’ என்று மட்டும் எழுத முடியவில்லை. முள், நூல், கோல் மூன்றையும் சேர்த்தும் அந்தச் சொல் குறிக்கிறது, முள்ளை மட்டும் தனியாகவும் குறிக்கிறது.

மு. (மதுரை) எழுதியது:

சொல் நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகை 54: ‘கான யானை கைவிடு பசுங்கழை மீனெறி தூண்டிலின் நிவக்கும்’. தினைக்காவலரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை விட்டுவிடுகிறது. அது மீன் பிடிக்கும் தூண்டிலைப் போல விசையோடு மேலெழுகிறது. இந்தத் தொடரால்தான் பாடியவருக்கே மீனெறி தூண்டிலார் என்று பெயர். வளைந்த கோல் தன் நிலைக்கு மீளும் வேகத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்னவர் இல்லை. ஆகவே ‘எறிகழை’ என்று வைக்கலாம். கழு, கழி, கழை, கழுக்கோல் எல்லாம் ‘நீண்டு ஒடுங்கியது’ என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். கழைக்கூத்தில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அடி பருத்து முனை சிறுத்த கோலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஜெ. (சென்னை) எழுதியது:

மு. ஐயாவின் பாட்டு மேற்கோள் அருமை. ஆனால் பெயர் வைக்கும் முன் இந்தக் கோல் செய்யும் வேலைகளைப் பார்த்துவிடுவோம். கோல் கட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வேலை மூன்று. முதலாவது வீசுதல். கோலில் எழுதியிருக்கும் எடை வரம்புக்குக் கீழே போனால் கோல் வளையாது, இரை பறக்காது. வரம்புக்கு மேலே போய் முழு வலுவோடு வீசினால் கார்பன் தண்டு வீச்சிலேயே முறியலாம். இரண்டாவது, இரையை ஆட்டுதல். பாப்பரின் முகம் குழிந்திருக்கும். அது நீரை அள்ளித் தெறிக்க வேண்டும் என்றால் முனை விறைப்பாக இருக்க வேண்டும். முனை இளகலாக இருந்தால் கை இழுக்கும் விசையைக் கோலே விழுங்கிவிடும், பாப்பர் ஒலியெழுப்பாது. ஸ்டிக்பெய்டுக்கு நேர்மாறு. விறைத்த முனையால் இழுத்தால் அது நீரைவிட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும், இளகிய முனை இருந்தால்தான் நெளிந்து நீந்தும். ஒரே கோலில் இரண்டும் என்று கடைக்காரர் சொன்னால் எது அதிகம் வீசப்போகிறோமோ அதற்கேற்ற கோலைக் கேட்டு வாங்குவதே நல்லது.

மூன்றாவது, மீனோடு மல்லுக்கட்டுவது. இங்கேதான் நீளம் பற்றிய தவறு நடக்கிறது. கோல் நீண்டால் வீச்சுத் தூரம் கூடும். நெம்புகோல் கணக்கில் மீனுக்குச் சாதகமும் கூடும். 10 கிலோ இழுவிசை, கோலின் அடிமுனையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிச் செங்குத்தாக விழுகிறது என்று வையுங்கள். கோலை முன்னால் பிடிக்கும் கை அடிமுனையிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் அந்தக் கை 30 கிலோ தாங்க வேண்டும். படகுக்கு 7½ முதல் 8¼ அடி என்று கையேடு சொல்வதன் காரணம் இதுதான். பாறைக்கரையில் நின்று வீசுபவர்களுக்கு 9, 10 அடி வேண்டியிருக்கிறது, அது வேறு கணக்கு.

ஆகவே ‘எறி’ என்ற ஒரு வேலையை மட்டும் பெயரில் ஏற்றுவது போதுமா என்று யோசியுங்கள்.

ப. (தூத்துக்குடி) எழுதியது:

கடற்கரையில் ‘கழி’ என்றால் உப்பங்கழிதான். ‘கழியில் நின்று கழியை வீசு’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? ‘கழை’ என்றால் பாதிப்பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். இங்கே ராட், ரீல் (நூல் சுற்றும் கருவி), லூர் (போலி இரை) என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். முள்ளுக்கு முள், ஈயத்துக்கு ஈயம், நரம்புக்கு நரம்பு. படகில் அலை அடிக்கும்போது வாடிக்கையாளர் ‘டிராக்கைக் கூட்டு’ என்று கத்துவார். அந்த நேரத்தில் நாம் சொல்லிக்கொடுத்த தமிழ்ச்சொல் பையனின் கையை நிறுத்திவிடக் கூடாது. கூடவே ராட் என்ற சொல்லையும் தமிழ் எழுத்தில் வைத்துவிடுங்கள்.

மு. எழுதியது:

அப்படியானால் ‘எறிகோல்’. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘எறிக்கோல்’ என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. தூண்டில் என்ற சொல்லையும் விட மனமில்லை என்றால் ‘தூண்டிற்கோல்’. லகரம் வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும்.

த. (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஐயா சொன்ன வினைத்தொகையில்தான் சிக்கல். ‘எறிவேல்’ என்றால் எறியப்படும் வேல். ‘வீசுவலை’ என்றால் வீசப்படும் வலை. அதே அச்சில் ‘எறிகோல்’ என்றால் கோலையே தூக்கிக் கடலில் எறிவதாகப் பொருள் வரும். ‘எறிகின்ற கோல்’ என்று கருவிப்பொருளில் விரிக்க இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் வீசுவலையைக் கையில் பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு முதலில் தோன்றுவது மற்றப் பொருள்தான். இன்னொன்று, குறுந்தொகையில் வரும் ‘எறி’ வீசுதலைக் குறிக்கவில்லை. அங்கே உவமை மேலெழுதலுக்கு. மீனைப் பற்றித் தூக்கும் கணம் அது.

பெயர்ச்சொல்லாக்கி ‘வீச்சுக்கோல்’ என்றால் அந்த மயக்கம் இராது. வீச்சுக்கு உரிய கோல்.

வேறொரு வேண்டுகோள். லீடர் (நூலுக்கும் இரைக்கும் இடையில் கட்டும் துண்டு) என்று கையேட்டில் வருவது தடித்த நைலான் இழை என்றால் எங்கட பக்கத்தில் அதற்குத் ‘தங்கூசி’ என்ற சொல் இருக்கிறது. தங்கூசி வலை என்று இலங்கை முழுக்கத் தமிழர் சொல்லுவினம். ‘முன்னிழை’, ‘தலைநூல்’ என்று புதிதாக உண்டாக்க வேண்டாம்.

ப. எழுதியது:

தங்கூசி இங்கேயும் தெரிந்த சொல்தான். ஆதரிக்கிறேன். ‘வீச்சுக்கோல்’ பரவாயில்லை. ‘வீச்சு’ என்பது வாயில் வருகிற சொல்.

கு. (கோவை) எழுதியது:

பி.இ. பற்றி யாரும் பேசவில்லை. ‘பி.இ. 8’ என்று தமிழில் எழுதினால் பொறியியல் பட்டம் போல இருக்கிறது. பாலிஎத்திலீன் என்பதன் சுருக்கம் அது. ‘நூல் எண் 8’ என்று போடலாமா?

ஜெ. எழுதியது:

போடலாம். எண் நூலின் பருமனைக் குறிக்கிறது, வலுவை அன்று. ஜப்பானிய வழக்கில் 1 என்பது 200 டெனியர் (இழைப் பருமனின் அலகு). 8 என்றால் 1,600 டெனியர். பின்னலின் தரத்தைப் பொறுத்து அதே 8-ஆம் எண் நூல் ஒரு நிறுவனத்தில் 80 பவுண்டிலும் இன்னொன்றில் 100 பவுண்டிலும் அறும். ஆகவே கோலில் ‘8’ என்று இருந்தால் இந்தப் பருமன் நூலுக்கும் அதற்குரிய இழுவிசைக்கும் ஏற்ற கோல் என்று கொள்ள வேண்டும்.

கு. எழுதியது:

அப்படியென்றால் என் பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன். கோவை, திருப்பூரில் ‘நூல் எண்’ என்றால் பஞ்சுநூலின் கவுண்ட். 40-ஐவிட 80 மெல்லியது. எண் கூடினால் பருமன் குறையும். இங்கே தலைகீழாக இருக்கிறது. ஆலையில் வேலை பார்த்துவிட்டு அந்தமான் போகிற பையன் 10-ஆம் எண்ணை மெல்லியது என்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ‘பருமன் எண்’ என்று வையுங்கள். எண் கூடக் கூடப் பருமன் கூடும் என்பது பெயரிலேயே இருக்கும்.

மு. எழுதியது:

‘பருமன் எண்’ சரி. ‘ஆக்‌ஷன்’ என்பதற்கு ‘வாங்கு’ என்ற வினையடியைப் பரிந்துரைக்கிறேன். வில் வாங்குதல் என்றால் வில்லை வளைத்தல். அகநானூறு 36-இல் இரையோடு முள்ளை விழுங்கிய வரால், ‘தூண்டில் வேட்டுவன் வாங்க வாராது’ கயிறிட்ட சினக்காளையைப் போல நீர்நிலையைக் கலக்குகிறது. ஒரே வினை கோல் வளைவதையும் மீனை இழுப்பதையும் குறிக்கிறது. முனை மட்டும் வளைந்தால் முனைவாங்கு, நடுவரை வளைந்தால் நடுவாங்கு, அடிவரை வளைந்தால் அடிவாங்கு.

ப. எழுதியது:

ஐயா, ‘அடிவாங்கு’ என்று கையேட்டில் அச்சடிக்க முடியாது. பாடல் பொருத்தமானதுதான். ஆனால் இன்றைய வழக்கில் ‘வாங்கு’ கடையில் வாங்குவதும் அடி வாங்குவதும்தான்.

ஜெ. எழுதியது:

‘முனைவளைவு, நடுவளைவு, அடிவளைவு’ என்றால் படத்தைப் பார்த்த உடனே புரியும். ‘பவர்’ என்பதற்குத் ‘திறன்’ போட வேண்டாம். பள்ளி இயற்பியலில் திறன் என்றால் வாட் கணக்கு. கோலின் பவர் என்பது குறிப்பிட்ட அளவு வளைய எவ்வளவு விசை வேண்டும் என்பது. ஆகவே ‘விறைப்பு’.

வளைவிடமும் விறைப்பும் வேறு வேறு என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். மிக விறைத்த கோலும் முனைவளைவாக இருக்கலாம், அடிவளைவாகவும் இருக்கலாம். அதிக யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) கொண்ட கார்பன் எடை குறைவு, மீட்சி வேகம். ஆனால் அடிபட்டால் எளிதில் நொறுங்கும். வீசும்போது இரை தண்டில் மோதி உண்டான கண்ணுக்குத் தெரியாத காயம், அடுத்த பெரிய மீனில் முறிவாக வரும்.

முறிவுக்கு இன்னொரு பெரிய காரணம், மீன் படகுக்கு நேர்கீழே வந்தபின் கோலைச் செங்குத்தாகத் தூக்குவது. கோலும் நூலும் ஏறத்தாழ நேர்க்கோட்டில் இருக்கும்போது சுமையெல்லாம் அடித்தண்டில். கோணம் கூடக் கூடச் சுமை முனைநோக்கி நகரும், மெல்லிய பகுதி தனியே தாங்கும். 45 பாகையில் 12 கிலோ தாங்கும் கோல், 90 பாகையைத் தாண்டினால் அதில் பாதிக்கே முறியக்கூடும். கடையில் ‘எத்தனை கிலோ இழுவிசை’ என்று மட்டும் கேட்காமல் ‘எந்தக் கோணத்தில்’ என்றும் கேட்க வேண்டும்.

ச.இ. எழுதியது:

இந்தப் பத்தியை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். ‘ஸ்பின்னிங் ரீல்’ என்பதைச் ‘சுழல் ரீல்’ என்று எழுதியிருக்கிறேன், சரியா?

ஜெ. எழுதியது:

சரியில்லை. இந்த ரீலில் வீசும்போது நூற்கண்டு சுழலாது. அசையாமல் நிற்கும், நூல் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள்சுருளாகப் புறப்படும். அதனால்தான் கோலின் முதல் வளையம் பெரிதாகவும் உயரமாகவும் இருக்கிறது. சுருள் அந்த வளையத்தில் அடங்கி நேராக வேண்டும். கண்டு சுழலும் ரீலுக்கான கோலில் இந்த ரீலை மாட்டினால் நூல் சிறு வளையங்களில் அடித்துத் தூரம் குறையும். முனைப்பக்கம் சாய்ந்த சட்டம் உள்ள வளையமாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த நூல் சட்டத்தில் சுற்றினாலும் வழுக்கி வெளியேறும். தங்கூசியையும் நூலையும் இணைக்கும் முடிச்சு எல்லா வளையங்களிலும் தட்டாமல் போகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். வளையத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தால் கீறல் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். கீறல் பின்னல்நூலை அறுத்துவிடும்.

த. எழுதியது:

அப்படியெண்டால் ‘நிலைக்கண்டு ரீல்’?

கு. எழுதியது:

‘நிலைக்கண்டு’ என்பதை ‘நிலையைக் கண்டு’ என்று படித்துவிடுவார்கள். ‘நில்கண்டு’ என்றால்?

மு. எழுதியது:

வினைத்தொகையாகச் சேர்த்தால் அது ‘நில்கண்டு’ என்றே நிற்கும், ‘நிற்கண்டு’ ஆகாது என்பதையும் பார்க்க வேண்டும். ‘கொல்களிறு’ போல. ஆனால் கண்டு என்ற சொல்லே ‘கள்’ என்னும் திரட்சிப் பொருளில் இருந்து…

ப. எழுதியது:

வெள்ளிக்கிழமை நெருங்குகிறது ஐயா.

ச.இ. எழுதியது:

நன்றி. எழுதிய ஆறு பேரின் கருத்தையும் தொகுத்து அச்சகத்துக்கு அனுப்புவது இது: பாப்பிங் ராட் – வீச்சுக்கோல் (அடுத்தடுத்து ‘ராட்’ என்றும் வரும்). ஆக்‌ஷன் – வளைவிடம். பவர் – விறைப்பு. பி.இ. எண் – பருமன் எண். டிராக் – ‘இழுதடை’ என்று முதலில் ஒருமுறை, பிறகு டிராக். அந்த அளவைத் தராசில் இழுத்துப் பார்த்து, நூல் அறும் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும் என்ற குறிப்புடன். லீடர் – தங்கூசி. ஸ்பின்னிங் ரீல் அப்படியே. பாப்பர், ஸ்டிக்பெய்ட் அப்படியே, பொதுப்பெயராகப் ‘போலியிரை’.

மு. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ‘வீச்சுக்கோல்’ இந்தக் கருவியின் மூன்றில் ஒரு வேலையைத்தான் சொல்கிறது, ஜெ. தொடக்கத்திலேயே கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. வளைந்து மீளுதலைச் சொல்லும் ‘கழை’ அடுத்த பதிப்பில் அடைமொழியாகவேனும் வர வேண்டும் என்று பதிவு செய்கிறேன்.

த. எழுதியது:

எனக்கும் ஒன்று. 130 பவுண்டு நைலானுக்குத் தங்கூசி சரி. நைலான் அல்லாத ஃபுளோரோகார்பன் இழையில் லீடர் வந்தால் அதையும் தங்கூசி என்பீர்களா? கையேட்டின் 9-ஆம் பக்கத்தில் அது வருகிறது.