வட்டி இறங்கியிருக்கு, கையில் 4 லட்சம் உண்டு: வீட்டுக் கடனில் கட்டலாமா?

பழையாறு:
நாகர்கோவிலில் வீட்டுக் கடன். பாக்கி அசல் 30 லட்சம், இன்னும் 240 தவணை. ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) சேர்ந்து மாறும் வட்டி, 8.75 இருந்தது இப்போ 7.50. வங்கி தவணையை 26,511 ரூபாயிலிருந்து 24,168 ஆகக் குறைச்சிட்டு. கையில் 4 லட்சம் இருக்கு. வட்டி இவ்வளவு இறங்கின பிறகும் முன்கூட்டிக் கட்டினால் லாபமா, இல்ல எஃப்டியில் போடவா? வருமான வரி பழைய முறை, 20 சதவீதம்.

வேளிமலை:
4 லட்சத்தை விடுங்க, முதலில் அந்தத் தவணையைப் பழையபடி 26,511க்கே ஏத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. தவணை குறைஞ்சதைச் சலுகைன்னு நினைக்காதீங்க. 24,168 வீதம் 240 மாசம் கட்டினால் மொத்த வட்டி 28 லட்சம். அதே கடனுக்கு 26,511 கட்டிக்கிட்டே போனால் 198 மாசத்தில் முடியும், வட்டி 22.3 லட்சம்தான். கைப்பைசா ஒண்ணும் கூடுதலா போடாமலே ஐந்தே முக்கால் லட்சம் மிச்சம். பழைய தவணை உங்களுக்கு ஏற்கெனவே பழகினதுதானே.

2025 பிப்ரவரியில் 6.50 இருந்த ரெப்போ டிசம்பரில் 5.25க்கு வந்தது. உங்களுக்கு முழு 1.25உம் கிடைச்சிருக்கு. பழைய எம்சிஎல்ஆர் கடன் (வங்கி தன் நிதிச் செலவை வச்சுத் தானே நிர்ணயிக்கும் வட்டி) வச்சிருக்கிறவங்களுக்கு இது முழுசா தானா வராது. ரெப்போ வட்டிக்கு மாற்றிக் கேட்கணும், அதுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.

எஃப்டி கணக்கு இதுதான்: 6.5 சதவீதம் கிடைச்சாலும் வரியும் செஸ்ஸும் 20.8 போக நிற்பது 5.15. கடனில் கட்டுற பைசாவுக்கு 7.50 மிச்சம், அதுக்கு வரியும் இல்ல.

முட்டம் விளக்கு:
கணக்கு சரிதான். ஆனா 4 லட்சத்தையும் கொண்டுபோய்க் கொட்டிறாதீங்க அண்ணே. அசலில் போன பைசா அவசரத்துக்குத் திரும்ப வராது. டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்டால் புது விண்ணப்பம், புது வட்டி. ஆறு தவணை, அதாவது ஒண்ணரை லட்சம் வெளியே கிடக்கட்டும். வீட்டு வருமானத்தில் ரப்பரும் உண்டுன்னா ஆனி, ஆடிச் சாரலில் பால்வெட்டு நிற்கும் மாசங்களையும் சேர்த்துப் பாருங்க.

நகைக்கடன் 7.50க்கு மேல் ஓடுதுன்னா முதலில் அதை மீட்கணும். வளைகுடாவில் இருக்கிறவங்களுக்குக் கணக்கு வேற: என்ஆர்இ எஃப்டி (வெளிநாட்டில் வசிக்கிறவங்க இங்கே போடும் வைப்பு) வட்டிக்கு இங்கே வரி கிடையாது, அதனால 5.15ன்னு குறையாது.

வரி விலக்கு போயிருமேன்னும் பயப்பட வேண்டாம். சொந்தமா குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி விலக்கு வருஷத்துக்கு 2 லட்சம்தான். உங்க முதல் வருஷ வட்டி 2.22 லட்சம். இரண்டரை லட்சம் கட்டினாலும் அது 2.02 லட்சத்தில்தான் நிற்கும். புதிய முறைக்கு மாறினால் இந்த விலக்கே இல்ல.

பழையாறு:
அப்போ இரண்டரை லட்சம் கட்டுறேன். அபராதம் ஏதும் பிடிப்பாங்களா? ஆப்பிலேயே அனுப்பலாமா?

ஆரல்வாய்க் காற்று:
தனிநபர் பேரில், மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. நிலையான வட்டின்னா ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

தப்பு நடக்கிறது வேற இடத்தில். கடன் கணக்கு எண்ணுக்குச் சும்மா பைசா அனுப்பினால் சில இடங்களில் அதை "முன்தவணை"ன்னு வச்சுக்கிடுவாங்க. அசல் குறையாது; அடுத்தடுத்த தவணைக்கு அதிலிருந்தே எடுத்துக்கிடுவாங்க. ஆப்பில் "பார்ட் பேமெண்ட்"ன்னு தனி வழி இருந்தால் அதிலே கட்டுங்க. இல்லன்னா கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்க: "2,50,000 ரூபாயை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணை 26,511. காலத்தைக் குறைக்கவும்." கடைசி வாக்கியம் இல்லன்னா, கணினி தானா தவணையைக் குறைச்சுட்டு 240 மாசத்தை அப்படியே விட்டிரும். நகலில் தேதியோட முத்திரை வாங்குங்க, புதுத் தவணை அட்டவணையும் கேளுங்க. அதில் 168 மாசம் வரணும். அதுக்கு மேலே இருந்தால் எங்கேயோ பிசகு.

கட்டுற நாளைப் பத்தி நிறைய பேச்சு உண்டு. பெரும்பாலும் தினசரிப் பாக்கிக்குத்தான் வட்டி, அதனால சீக்கிரம் கட்டினால் போதும். தவணை பிடிக்கிற நாளை மட்டும் விட்டிருங்க, ரெண்டு வரவும் குழம்பும்.

அதுக்கு அடுத்த முழு மாச ஸ்டேட்மெண்டில் வட்டி எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. 30 லட்சத்துக்கு 18,750 இருந்தது 17,200 பக்கம் வந்திருக்கணும். 18,700லேயே நின்னால் உங்க பைசா இன்னும் முன்தவணைக் கணக்கில்தான் கிடக்கு. அன்னைக்கே முத்திரை போட்ட நகலோட கிளைக்குப் போயிருங்க.