வின்சுலோ வீட்டுக் கடிதங்களைத் தமிழில் கொண்டுவர வேண்டுமா?

ராயபுரம் ஜெபா:
வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியை நம்மில் பலர் புரட்டியிருப்போம். 1862-இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சானது, 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அதைத் தொகுத்து முடித்த அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோ 1819 ஜூனில் புது மனைவி ஹேரியட்டோடு பாஸ்டனில் கப்பல் ஏறியவர். யாழ்ப்பாணம் உடுவிலில் ஹேரியட் 1824-இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1833-இல் அங்கேயே இறந்துபோனார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் சேர்த்துக் கணவர் 1835-இல் புத்தகமாக்கினார். அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து, கடைசிவரை இங்கேதான் வேலை பார்த்தார்.

அந்தக் கடிதங்களை நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் கொண்டுவரப் பார்க்கிறோம். கருத்துச் சொல்லுங்கள்.

மாம்பலம் சேது:
வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் மதம் இல்லை. மனைவி இறந்த பிறகு கணவர் தேர்ந்தெடுத்து, காணிக்கை தரும் அமெரிக்கச் சபையார் படிப்பதற்காக அச்சிட்டது அது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது அவர். அதை ஒரு வீட்டின் உண்மைக் கதை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இன்னொன்று. அந்த மிஷன் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கர் சொல்லும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளையின் ‘கறல்’ அப்படி வந்ததுதான். பெற்றவள் வைத்த பெயரை மாற்றுகிறவர்களின் குடும்பப் பாசத்தை நாம் மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டுமா?

ராயபுரம் ஜெபா:
பெயர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம், சேது சார். ஆனால் அந்த வழக்கம் எப்படி நடந்தது என்று எங்கே போய்த் தெரிந்துகொள்வது? இவர்கள் எழுதிவைத்த காகிதங்களில்தானே?

பாசத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். அன்றைக்குக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இங்கே படிக்கும்போது அங்கே அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. வின்சுலோவோடு அதே கப்பலில் வந்த டாக்டர் ஜான் ஸ்கடர் தம்பதியின் கைக்குழந்தை கல்கத்தா வந்த நேரத்தில் இறந்துபோனது. அவர்களுடைய பேத்தி ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரைச் சிறுமியாக இருக்கும்போதே அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் இங்கே திரும்பினார். அந்த ஐடா பின்னாளில் தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிற நாம் அந்தப் பிள்ளை அழுததையும் படிக்க வேண்டாமா?

கீழ்ப்பாக்கம் ஏடு:
சேது சொல்லும் வெட்டு ஒட்டு வேலை அதற்கும் நூறு வருஷம் முந்தியது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரும் உடன் ஊழியர்களும் எழுதி அனுப்பியதை ஜெர்மனியில் ஹல்லே நகரத்தார் கத்தரித்துத்தான் அச்சிட்டார்கள். நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூலை அச்சிடவே இல்லை. அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867-இல், நம்ம சென்னையில்தான் அச்சானது.

ஆனால் அதே ஹல்லே இன்னொன்றையும் அச்சிட்டது. தரங்கம்பாடி மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள். கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று நம்மவர்கள் முகத்துக்கு நேரே எழுதியிருக்கிறார்கள். வின்சுலோ வீட்டுக் கடிதங்களை வெளியிடுவதானால் இவற்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மாம்பலம் சேது:
அந்த 99 கடிதங்களின் தமிழ் மூலம் எங்கே? ஜெர்மன் மொழிபெயர்ப்புதானே மிஞ்சியது? அவர்கள் வீட்டுக் கடிதம் பத்திரமாக இருக்கிறது, நம்மவர் எழுதியது காணாமல் போயிருக்கிறது. என் ஆதங்கமே இதுதான்.

ஹேரியட்டின் மகள் சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்தார். அவர்களுடைய பேரன் ஜான் பாஸ்டர் டல்லஸ் ஐசனாவர் காலத்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர். வாஷிங்டன் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். இப்படிப்பட்ட குடும்பத்தின் காகிதங்களைக் காப்பாற்ற அவர்கள் ஊரில் ஆள் இருக்கிறது. உடுவிலில் அந்த வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த ஆயாவின் காகிதத்துக்கு யார் இருக்கிறார்கள்?

பல்லாவரம் செல்வி:
நான் இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கிறேன். ‘வெளியூர் மிஷனரி’ என்றதும் ஏன் வெள்ளைக்காரரே ஞாபகத்துக்கு வருகிறார்? 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களே சொந்தக் காசைப் போட்டு இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். வேதநாயகம் அசரியா அதில் முன்னின்றவர், பின்னாளில் அங்கேயே பேராயர் ஆனார்.

எங்கள் தாத்தாவும் அந்தப் பக்கம் ஊழியத்துக்குப் போனவர். பாட்டிக்கு அவர் எழுதிய கார்டுகள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. இடம் போதாமல் விலாசத்தின் ஓரத்திலெல்லாம் நெருக்கி எழுதியிருப்பார். ஞானஸ்நானம் எத்தனை என்று ஒரு வரி. மீதியெல்லாம் பெரியவளுக்குச் சளி விட்டதா, கூரைக்கு ஓலை மாற்றினாயா, பணம் வந்ததா. பதிலுக்குப் பாட்டி எழுதிய ஒரு கார்டுகூட இல்லை. தாத்தா எடுத்து வைக்கவில்லை போல. ஹேரியட் விஷயத்தில் கணவர் தேர்ந்தெடுத்தார் என்கிறீர்கள். எங்கள் பாட்டிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

முதலில் இந்த மாதிரிக் கார்டுகளைத் தேடுங்கள். பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. உடுவில் கடிதங்கள் அச்சாகிவிட்டன, அவை எங்கேயும் ஓடிப்போகாது.

ராயபுரம் ஜெபா:
செல்வி அக்கா, அந்தக் கார்டுகளைப் படம் எடுத்து வைக்க நாங்களே ஆள் அனுப்புகிறோம். ஆனால் உடுவில் கடிதங்களைத் தள்ளிவைக்க எனக்கு மனசில்லை. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் அந்தப் பள்ளி எப்படித் தொடங்கியது என்பதை, தொடங்கியவளே எழுதியிருக்கிறாள். அது எனக்கு முக்கியம்.

மாம்பலம் சேது:
ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். நம் கோயிலையும் சாமியையும் இழித்து எழுதிய இடங்களை வைப்பீர்களா, நாசூக்காக நீக்கிவிடுவீர்களா?

ராயபுரம் ஜெபா:
ஒரு வரிகூட நீக்க மாட்டோம். படித்தால் எனக்கே வலிக்கும் இடங்கள்தான். ஹல்லேக்காரர்கள் செய்ததை நாங்களும் செய்தால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

மாம்பலம் சேது:
சரி. வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். பெயர் மாற்றிய விஷயத்தை முன்னுரையில் எங்கோ ஒரு வரியில் முடிக்காமல், தனிக் கட்டுரையாகப் போடுங்கள். நானே எழுதித் தருகிறேன்.

கீழ்ப்பாக்கம் ஏடு:
செல்வி, கார்டுகளை வெயிலில் காயவைக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். இந்த வாரக் கடைசியில் நானும் வருகிறேன்.