‘நைஸ்’ பாடம்: ‘உயர்பொருட்பேறு’க்கு மாற்று உண்டா?

திருச்சியிலிருந்து:
அன்புடையீர், திங்கட்கிழமை வகுப்பில் ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் மாறிய கதையை நடத்துகிறேன். லத்தீன் ‘நெஸ்கியுஸ்’, அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் ‘மடத்தனமான’ என்றே பொருள். பிறகு நாசூக்கு, நுணுக்கம் என்று நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்றானது. கள்வெறியைக் குறித்த ‘களிப்பு’ மகிழ்ச்சியானதைப் போல. தாழ்ந்த பொருள் உயர்ந்த பொருளாகும் இந்த மாற்றத்துக்கு ‘உயர்பொருட்பேறு’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் போன ஆண்டு ஒரு மாணவி, “பேறுகாலமா ஐயா?” என்றாள். வகுப்பு அடங்கவில்லை. வேறு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:
பொருளேற்றம். எதிர்ச்சொல் பொருளிறக்கம்.

மதுரையிலிருந்து:
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் தருவது? பெறு, பேறு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று இலக்கணத்தைக் கைவிடுவதா?

சேலத்திலிருந்து:
அடிப்படையே தவறு. நயம் என்பதே ‘நைஸ்’ ஆனது. “மாவை நைசாக அரை” என்ற என் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

திருச்சியிலிருந்து:
பாட்டிக்குத் தெரியாது, சொல் ஆங்கிலம்தான். ‘நெ’ இன்மை, ‘ஸ்கீரே’ அறிதல். ‘சயன்ஸ்’ அதே வேரில் பிறந்தது. அறிவும் அறியாமையும் பங்காளிகள்! ஆனால் ஒன்று: ‘நுண்ணிய’ என்ற பொருள் ஆங்கிலத்தில் ஓரிரு தொடர்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நம் அம்மிக்கல்லில் அது இன்னும் அன்றாட வழக்கு. ‘நைசாக நழுவினான்’ மட்டும் நம் சொந்தச் சரக்கு.

மதுரையாருக்கு: ‘சில்லி’ பழைய ஆங்கிலத்தில் ‘பேறுபெற்ற’ என்று பொருள்பட்டது. இன்று ‘அசட்டுத்தனமான’. நம் ‘நாற்றம்’ போல. “கருப்பூரம் நாறுமோ” என்று ஆண்டாள் கேட்டது மணத்தை. இன்று அப்படிக் கேட்டால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். இவற்றை ‘இழிபொருட்பேறு’ என்கிறோம். இழந்ததற்கும் பேறு என்றா பெயர்?

மதுரையிலிருந்து:
நோயும் பெறுவதுதான். நன்மைக்கு மட்டுமே ‘பேறு’ என்று எந்த நூற்பா சொல்கிறது? ‘நாற்றம்’ பற்றித் தனி இழை தொடங்குங்கள், எழுத நிறைய இருக்கிறது.

கோவையிலிருந்து:
வேண்டாம், போன முறை அது நாற்பது மடலுக்குப் போனது. ‘பொருளுயர்வு’, ‘பொருட்சரிவு’ என்று வைத்து முடிப்போம்.

சேலத்திலிருந்து:
சரி. நயம் பற்றித் தனியே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து:
திங்களுக்கு இவையே போதும். நன்றி.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘பொருளுயர்வு’ என்று கரும்பலகையில் எழுதியதும், “என்ன விலைக்கு ஐயா?” என்று அதே மாணவி கேட்பாள்.